கண்டக்டர் ஏற்றிவிட்ட கோழிப்பண்ணை

உலகத்தில் யாரை வேண்டுமானாலும் திருத்திவிடலாம். ‘இடமில்லை’ என்று சொன்னால் நம்பாத மனிதரை மட்டும் பிரம்மாவே வந்தாலும் திருத்த முடியாது. அப்படி ஒருவர் எங்கள் தெருவுக்குக் கேபிள்காரராக வந்து வாய்த்தார். நாமக்கல் பக்கம் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, அந்த பஸ் நின்றுபோனதும் கேபிள், இன்டர்நெட் என்று இறங்கியவர். தொழில்தான் மாறியது. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் இன்றைக்கும் கண்டக்டர்தான்.

எங்கள் டிவிக்குக் கீழே சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. நெட்டில் வருவதெல்லாம் அது வழியாகத்தான் வரும். அதற்கு மெமரி ரொம்பக் குறைச்சல். இரண்டு ஆப் என்றால் சமாளிக்கும், மூன்றாவது ஏறினால் மூச்சு வாங்கும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் கோழிப்பண்ணையின் கேமரா ஆப். கொட்டகையில் சூடு ஏறினால் அது சைரன் ஊதும். சித்திரை வெயிலில் கூரைக்குத் தண்ணீர் தெளிக்கும் மோட்டார் நின்றுவிட்டால், ஒரு மத்தியானத்தில் அத்தனை கோழியும் போய்விடும். எங்கள் பிழைப்பே அந்தக் கொட்டகைதான்.

என் மனைவி சீரியல் ஆப் கேட்டாள். கண்டக்டர் ஏற்றினார். சமையல் ஆப் கேட்டாள். ஏற்றினார். அப்புறம் யாரும் கேட்காமலே பஞ்சாங்கம், பக்திப் பாட்டு, முட்டை விலை, மழை நிலவரம் என்று ஏற்றிக்கொண்டே போனார். பெட்டி தோசைக்கல்லாகச் சுட்டது. ரிமோட்டை அமுக்கிவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தால் படம் மாறியிருக்கும்.

“ஏனுங்க கண்டக்டரே, எடமே இல்லைன்னு அதே எழுதிக் காட்டுதுங்களே!”

“அது அப்படித்தானுங்ணா சொல்லும். எங்க பஸ்ல படிக்கட்டுல தொங்கறவன் ‘எடமில்லீங்க’ம்பான். உள்ள போய்ப் பாத்தா நடுவுல காலியாக் கெடக்கும். கொஞ்சம் தள்ளி உடோணும், அவ்வளவுதானுங்க.”

“இது பஸ் இல்லீங்க!”

“எல்லாம் ஒண்ணுதானுங்ணா.”

அவர் தள்ளிவிட்ட லட்சணத்தில், சீரியலில் மாமியார் வாயைத் திறந்தால் கேமரா இறங்கிவிடும். கேமராவைத் திறந்தால் மாமியார் இறங்கிவிடுவாள். யார் ஏறினது, யார் இறங்கினது என்று வீட்டில் தினமும் சண்டை. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் கண்டக்டர் ரொம்பச் சந்தோஷமாக வந்தார். “முன்னாடி வண்டி ரொம்பிப் போச்சுன்னா பின்னாடி வர்ற வண்டில ஏத்தி உடறதில்லீங்களா?” என்றார். பின்னாடி வண்டி எது என்று கேட்காமல் விட்டது என் கிரகம். பக்கத்து வீட்டில் ரிட்டயர்டு ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் மெமரி தாராளமாக உள்ள புதுப் பெட்டி. இரண்டு வீட்டுக்கும் கண்டக்டரின் ஒரே லைன். என் கேமரா ஆப்பை அந்தப் பெட்டியில் ஓடவிட்டு, படத்தை மட்டும் என் டிவிக்கு அனுப்பியிருக்கிறார் இந்தப் புண்ணியவான். ஆர்.ஐ.யிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஆர்.ஐ. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“ஏனப்பா, செய்தி வாசிக்கற புள்ள இருந்த எடத்துல உம்பட கோழி நிக்குது! நான் அதுககிட்டயா செய்தி கேக்கறது?”

கண்டக்டரைக் கூப்பிட்டுக் கத்தினேன். “அவங்க பெட்டில எடம் சும்மாதானுங்களே கெடக்குது?” என்றார். எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் எடுக்கவில்லை. அதோடு விட்டாரா? என் போனை வாங்கி, அதிலும் இருந்த கேமரா ஆப்பை அழித்துவிட்டார். “டிவிலதான் இருக்குதுங்களே. ஒரே ஆளுக்கு எதுக்குங்ணா ரெண்டு சீட்டு?” திரும்பப் போடும் வித்தை எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாணம். பண்ணையில் வேலை செய்யும் குடும்பமும் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தது. மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து போனைப் பார்த்தால், ஆர்.ஐ. விடாமல் கூப்பிட்டிருக்கிறார்.

“எங்கப்பா போய்த் தொலஞ்ச? என்ற டிவில உம்பட கொட்டாய் சைரன் ஊதுது! நீ எடுக்கலீன்னு அந்தக் கண்டக்டரக் கூப்புட்டுத் திட்டினேன். நான் பேசி முடிக்கறதுக்குள்ள போன வெச்சுட்டான்!”

மனைவியை இழுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள் என் மனைவி. நான் கண்டக்டரின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன். போனில் அந்த ஆப் இருந்திருந்தால் மேளத்தையும் மீறிச் சைரன் ஊதியிருக்கும்.

பண்ணையில் மோட்டார் கருகிக் கிடந்தது. கொட்டகையைச் சுற்றிலும் ஈரச் சாக்குகள் தொங்கின. வெயிலில் காய்ந்த தகரக் கூரைமேல் கண்டக்டர் நின்று, மேல்தொட்டியிலிருந்து ஓஸை இழுத்துப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். ஈரத்தில் வழுக்கும் என்று செருப்பைக் கீழேயே விட்டுவிட்டார். கீழே இருக்கும் கோழிகளிடம் பேசிக்கொண்டிருந்தார். “செத்த பொறுத்துக்கங்க சாமி, தண்ணி வருது, தண்ணி வருது.”

கொஞ்சம் கோழிகள் போய்விட்டன. மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டன. இறங்கி வந்தவரைத் திட்ட வாயைத் திறந்தேன். அவர் உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன.

“போன்ல இருந்தத எறக்கி உட்டது நாந்தானுங்களே. இதுக செத்துப் போயிருந்தா உங்க மூஞ்சில எப்படிங்ணா முழிப்பேன்?” என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். “மொதல்ல அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று என்னை அதட்டினாள் என் மனைவி.

கால் ஆறும்வரை அவர் தெருப்பக்கம் வரவில்லை. அவர் அனுப்பிய ஒரு பையன் வந்து வேண்டாததையெல்லாம் எடுத்துவிட்டு, கேமராவை என் போனிலேயே போட்டுக் கொடுத்தான். டிவி ஜோராக ஓடியது. ஆர்.ஐ. வீட்டில் செய்தி மட்டும் வந்தது. கத்துவதற்கு ஆள் இல்லாமல் எனக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் பைக்கை எடுத்துக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். “பெட்டி சரியில்லீங்க, கொஞ்சம் வந்து பாருங்க” என்று சொல்லிக் கையோடு கூட்டி வந்தேன்.

பெட்டிக்கு ஒன்றும் இல்லை.