வரப்புக்கு வானிலை இல்லை

எங்கள் வட்டாரத்தின் உழவர் வானிலை ஆலோசனை அலுவலகம், உழவர் நலனை முன்னிட்டு, முழங்கால் வலி உள்ள எந்த உழவரும் ஏற முடியாத ஒரு மாடியில் இயங்கிவருகிறது. மூன்று அறைகள். ஒன்றில் அதிகாரி இருப்பார். இன்னொன்றில் கணினி இருக்கும். குளிர்சாதனம் அதற்கு மட்டும்தான். மிச்சமுள்ள அறையில் உடைந்த நாற்காலிகள், நல்ல நிலையில் பாதுகாக்கப்படுகின்றன. அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் மேகமூட்டம். ஆள் கெட்டவர் இல்லை. முகம் அப்படி.

மேகமூட்டம் சொன்னால் பெரும்பாலும் நடக்கும். இதை ஒத்துக்கொள்ள எங்களுக்கு மனசு வராது. மழை வரும் என்பார், வந்துவிடும். "வாயத் திறந்தாரு பாரு, கொட்டித் தீத்துடுச்சு" என்று அவரைத்தான் திட்டுவோம். மழை இல்லை என்பார், இருக்காது. ஏதோ மழையை மேஜை இழுப்பறையில் பூட்டிவைத்துக்கொண்டு எங்களுக்குத் தர மறுக்கிறார் என்பதுபோல அதற்கும் அவரைத்தான் திட்டுவோம். அவரும் மறுநாள் வானிலையை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போவார். இப்படி இரு தரப்பும் ஒற்றுமையாகத்தான் இருந்தோம்.

இந்த நிலையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது. இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் நட்சத்திரம் போடச் சொல்கிறார்கள். முடி வெட்டிக்கொண்டால் நட்சத்திரம், பல் பிடுங்கிக்கொண்டால் நட்சத்திரம். வானிலை மட்டும் என்ன பாவம் செய்தது என்று மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது. காலையில் எங்கள் கைபேசிக்கு வரும் வானிலைச் செய்தியின் அடியில் ஐந்து நட்சத்திரங்கள் முளைத்தன. பிடித்திருந்தால் ஐந்து, பிடிக்காவிட்டால் ஒன்று. நட்சத்திரம் குறையும் அதிகாரி, "அன்னாரின் தகுதிக்கேற்ற தொலைவுக்கு" மாற்றப்படுவார் என்றும் ஆணையில் இருந்தது.

முதல் நாளே மேகமூட்டம் "பலத்த காற்றுடன் மழை" என்று அனுப்பிவைத்தார். சொன்னபடி காற்றும் வந்தது, மழையும் வந்தது. வட்டாரம் முழுக்க ஒற்றை நட்சத்திரம்.

அவரைத் திருத்த ஓர் ஆலோசகர் வந்து இறங்கினார். புது மோஸ்தர் ஆசாமி. கணுக்காலுக்கு மேலேயே முடிந்துபோகும் கால்சட்டை. வெள்ளம் வரும் என்று அவருக்கு மட்டும் முன்கூட்டியே யாரோ சொல்லியிருப்பார்கள்போல.

"சார், உங்க வானிலையில என்ன பிரச்சனைன்னா, அது ரொம்ப எதிர்மறையா இருக்கு," என்றார் ஆலோசகர்.

"சொன்னது நடந்துச்சே."

"நடந்ததுதான் சார் பிரச்சனை. நடக்காம இருந்திருந்தா ரெண்டு நட்சத்திரமாவது வந்திருக்கும்."

மேகமூட்டத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆலோசகருக்கு எல்லாமே ஓடியது. அவர் முதலில் சொற்களைச் சீர்திருத்தினார். சூறைக்காற்று "உற்சாகமான காற்று" ஆயிற்று. வறட்சி "இடையறாத பிரகாசம்" ஆயிற்று. வெள்ளத்துக்கு "நிறைவான நீர்வளம்" என்று பெயர். மாட்டுக் கொட்டகையின் கூரை பறந்துபோன ஒருவர், "உற்சாகம் கொஞ்சம் கூடிப்போச்சு, மத்தபடி குறை இல்ல" என்று சொல்லி இரண்டு நட்சத்திரம் போட்டார். இது வளர்ச்சி என்று ஆலோசகர் கை தட்டினார்.

அடுத்ததுதான் பெரிய சீர்திருத்தம். அவரவர் வயலுக்கு அவரவர் விரும்பும் வானிலை. என்ன பயிர், என்ன வானிலை வேண்டும் என்று பதிவு செய்துகொண்டால் போதும். காலையில் அதுவே செய்தியாக வந்துவிடும். நான் மிளகாய் காயப் போட்டிருந்தேன். வெயில் என்று பதிவு செய்தேன். மறுநாள் காலை, "உங்கள் மிளகாய்க்கு இன்று சிறப்பான வெயில்" என்று வந்தது. சும்மா சொல்லக்கூடாது, படித்தபோது மனசு குளிர்ந்துவிட்டது. ஐந்து நட்சத்திரம் போட்டேன். எல்லோரும் போட்டார்கள். மேகமூட்டத்துக்கு விருது கிடைத்தது. விருதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் புகைப்படத்திலும் அவர் முகம் அப்படியேதான் இருந்தது.

எங்களில் வெங்காயக்காரம்மா என்று ஒருவர் உண்டு. கணவர் வெளியூரில் வேலை பார்க்க, நிலத்தை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். அந்தப் பருவத்து வெங்காயம் முழுவதையும் பிடுங்கி, தாளோடு வயலிலேயே பரப்பிவைத்திருந்தார். நாலைந்து நாள் நல்ல வெயிலில் கழுத்து காய்ந்தால்தான் வெங்காயம் தாங்கும். ஈரத்தோடு அள்ளிக் கொட்டகையில் குவித்தால் உள்ளேயே அழுகிவிடும். வெளியே விட்டு மழை பிடித்தாலும் அழுகிவிடும். அது போனால் அடுத்த விதைப்புக்கு அவர் கையில் ஒன்றும் இருக்காது. ஆகவே அவருக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல்: நாளைக்கு மழை வருமா, வராதா.

பக்கத்து நிலம் அவருடைய கொழுந்தனாருடையது. நாற்றங்காலில் விதை தூவிவிட்டு, மழைக்கு ஏங்கி நின்றார் அவர். இருவருக்கும் நடுவில் ஒரு வரப்பு. அன்று காலை வரப்பில் நின்று அண்ணியும் கொழுந்தனும் கைபேசியைப் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு நாளைக்கு வெயில்னு வந்திருக்கு தம்பி."

"எனக்கு இதமான மழைன்னு வந்திருக்கு அண்ணி."

அண்ணி வரப்பின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வானம் ஒரே துண்டாகத்தான் இருந்தது. அதுவும் தெற்கே கன்னங்கரேல் என்று இருந்தது. இருவரும் கிளம்பி அலுவலகத்துக்குப் போனார்கள். எனக்கும் வேறு வேலை இல்லாததால் நானும் போனேன்.

"சார், எனக்கு வெயிலு, இவருக்கு மழையா?" என்று வெங்காயக்காரம்மா கேட்டார்.

ஆலோசகர் முந்திக்கொண்டு பதில் சொன்னார். "ஆமாம்மா. ரெண்டு பேருமே பதிவு பண்ணியிருக்கீங்க. ரெண்டு பேருக்குமே சேவை குடுக்கணும் இல்லையா?"

"மழை வரப்போட நின்னுடுமா?"

"எல்லை அளந்து கணினியில ஏத்தியாச்சும்மா."

"அப்ப வரப்பு மேல என்ன பெய்யும்?" என்று கொழுந்தன் கேட்டார்.

ஆலோசகர் கணினி அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "வரப்புக்கு வானிலை இல்லீங்க. யாரும் பதிவு பண்ணல."

கொழுந்தன் கொஞ்சம் யோசித்துவிட்டு, வரப்பைத் தன் பெயரில் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டார். வரப்பில் பாதி தனக்கும் உண்டு என்றார் அண்ணி. அரை மணி நேரம் அந்த ஒரு முழ அகல மண்ணுக்காக இருவரும் சண்டை போட்டார்கள். கடைசியில் வரப்புக்கு "ஓரளவு மேகமூட்டம்" என்று சமரசம் ஆயிற்று. அதிகாரி தலையை நிமிர்த்திப் பார்த்தார். தன்னைச் சொல்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

கொழுந்தன் திருப்தியாக இறங்கிப் போய்விட்டார். வெங்காயக்காரம்மா மட்டும் போகவில்லை. ஆலோசகர் தேநீர் குடிக்கப் போகும்வரை பொறுத்திருந்து, அதிகாரியின் மேஜை அருகே போய் நின்றார்.

"சார், செய்தி கெடக்கட்டும். நீங்க படிச்சவரு. மனசத் தொட்டுச் சொல்லுங்க. நாளைக்கு மழை வருமா?"

மேகமூட்டம் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பது அங்கீகரிக்கப்படாத முறை என்று ஆலோசகர் ஏற்கனவே சுற்றறிக்கை விட்டிருந்தார். இருந்தாலும் பார்த்தார்.

"வரும்மா. கொட்டும். இன்னைக்கே வெங்காயத்த அள்ளிக் கொட்டகைக்குள்ள மெல்லிசாப் பரப்பி, காத்தாட வைங்க. கொஞ்சம் வீணாப்போகும், மீதி தப்பிச்சுக்கும்."

வெங்காயக்காரம்மாவின் கண் கலங்கியது. "நல்லா இருப்பீங்க சார்," என்றார். நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மேகமூட்டத்துக்கு அன்று ஏதோ வீரம் வந்துவிட்டது. கணினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வட்டாரம் முழுமைக்கும் ஒரே செய்தியாக அனுப்பினார்: "நாளை கனமழை. அறுவடையைப் பாதுகாக்கவும்."

நாங்கள் மாடிப்படி இறங்குவதற்குள் கைபேசி ஒலித்தது. படியிலேயே நின்று படித்தோம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேற்றுவரை என் மிளகாய்க்கு அவ்வளவு மரியாதை கொடுத்தவர், இன்று யாருக்கோ அனுப்புவதுபோல எனக்கும் அனுப்பியிருக்கிறார். ஒற்றை நட்சத்திரம் போட்டேன். பக்கத்தில் எட்டிப் பார்த்தால் வெங்காயக்காரம்மாவும் ஒன்றைத்தான் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, உங்ககிட்ட அதத்தானே சொன்னாரு?" என்றேன்.

"எங்கிட்ட சொன்னது வேற. அது ஒரு அனுசரணையா சொன்னாரு. இதப் படிச்சா வயித்தெரிச்சலா இருக்குல்ல?"

இதமான மழை கேட்டவருக்குக் கனமழை என்றால் விதையெல்லாம் அடித்துக்கொண்டு போகுமே என்று கொழுந்தனும் ஒன்று போட்டார். ஆலோசகர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தார். மாலைக்குள் மேகமூட்டம் மாற்றப்பட்டார். கூடவே எங்களுக்குப் புதுச் செய்தியும் வந்தது: "தவறுக்கு வருந்துகிறோம். உங்கள் விருப்ப வானிலை வழக்கம்போல் தொடரும்."

வெங்காயக்காரம்மா அதற்குள் வெங்காயத்தில் கால்வாசியை அள்ளியிருந்தார். செய்தியைப் படித்தார். தெற்கே பார்த்தார். மறுபடி செய்தியைப் படித்தார்.

"இவ்வளவு பெரிய ஆபீசு, வருந்துறோம்னு சொல்றாங்கன்னா சும்மா சொல்வாங்களா?" என்றார். அள்ளியதைத் திரும்பக் கொண்டுபோய் வயலில் பரப்பினார். நானும் கூடமாட உதவி செய்தேன். என் மிளகாயை நான் அள்ளவே இல்லை.

மறுநாள் மதியம் மழை வந்தது. வரப்பின் இந்தப் பக்கமும் பெய்தது, அந்தப் பக்கமும் பெய்தது, சமரசத்தை மதிக்காமல் வரப்பின் மேலும் பெய்தது. நிற்பதற்கு இரண்டு நாள் ஆயிற்று. வெங்காயம் தண்ணீரில் மிதந்து கொழுந்தனின் நிலத்துக்குப் போனது. கொழுந்தனின் விதை அதற்கும் கீழே எங்கேயோ போய்விட்டது.

அடுத்த வாரம் வெங்காயக்காரம்மா அழுகிய வெங்காயத்தை ஒரு கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். மாடி முழுக்க நாற்றம். புது அதிகாரி எழுந்து நின்று கும்பிட்டார். ஆளுக்கொரு துண்டு கொடுத்து வியர்வையைத் துடைக்கச் சொன்னார். கூடையை அவரே இறக்கிவைத்தார்.

"சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன வானிலை வேணும்?" என்றார் பரிவாக.

"இனிமே எனக்கு என்ன சார் வானிலை? போன வாரம் வெயிலடிச்சிருந்தா நான் பொழச்சிருப்பேன்," என்று வெங்காயக்காரம்மா அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

புது அதிகாரி ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் கணினி அறைக்குள் போனார். சற்று நேரத்தில் எல்லோருடைய கைபேசியும் ஒலித்தது. வெங்காயக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, உரக்கப் படித்தார்: "கடந்த வாரம் உங்கள் வயலில் நல்ல வெயில் நிலவியது. உங்கள் வெங்காயம் நன்றாகக் காய்ந்தது."

இரண்டு முறை படித்தார். "நான் கேட்டதுமே குடுத்துட்டாரு பாருங்க. இவருதான் மனுஷன்," என்று சொல்லி ஐந்து நட்சத்திரம் போட்டார். கொழுந்தனும் தன் செய்தியைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே ஐந்து போட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஏமாறுகிற ஜனங்கள் இருப்பார்களா, இவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது என்று நொந்துகொண்டே என் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். என் மிளகாய் மிகவும் அருமையாகக் காய்ந்திருந்தது. நிறம்கூட நன்றாக வந்திருப்பதாகப் போட்டிருந்தார்கள். ஐந்தையும் அமுக்கிவிட்டு, வீட்டுக்காரியிடம் காட்டலாம் என்று வேகமாக நடந்தேன்.