ஓபலின் சராசரி வயது

இந்த 1924ஆம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை, சர்ச் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டே இதை எனக்குச் சொன்னவள் இர்மா. எங்கள் ஏரிக்கரை ஊர் நாடகக் கொட்டகையில் உடை தைப்பவள். பொய் சொல்லத் தெரியாதவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தக் கொட்டகையில் பெர்த்தா அம்மாளின் மகள் ஓபல், ‘ஒன்பது வயது அதிசயக் குழந்தை’யாக மேடையேறி ஒன்பது வருஷம் பூர்த்தியாகியிருந்தது. தலை ரிப்பன் மட்டும் வருஷாவருஷம் பெரிதாகிக்கொண்டே போனது. ஓபலுக்கு ஆட்டம் சலித்துவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். பதினெட்டு வயது என்று ஒரு சான்று வேண்டும். அவள் பிறந்ததோ அதே கொட்டகையின் ஒப்பனை அறையில். பதிவு எங்கும் கிடையாது.

அந்தச் சமயம் பார்த்துக் குழந்தைக் கலைஞர் நல அதிகாரி ஹப் துரை விஜயம் செய்தார். பதினாறுக்குக் கீழே பாடக்கூடாது, ஆடக்கூடாது. பேசலாம் என்பது சட்டம்.

“பொண்ணுக்கு என்ன வயசு, அம்மணி?”

பெர்த்தா பதறாமல், இதற்கென்றே அச்சடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை நீட்டினாள். பதினாறு. அவர் சுவரொட்டியைப் பார்த்தார். ஒன்பது. காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த ஓபலின் ரயில் அரை டிக்கெட்டைப் பார்த்தார். பதினொன்று.

“மூணுமே முறைப்படி அச்சடிச்ச ஆவணம். எதையும் அவமதிக்க முடியாது” என்று கூட்டி வகுத்தார். “இன்று முதல் இவளுக்குப் பன்னிரண்டு. திங்கட்கிழமை அஞ்சாம் வகுப்புல சேரணும்.”

“சார், எனக்குப் பதினெட்டு!”

“குழந்தைகள் பெரியவங்க பேச்சுல குறுக்கிடக் கூடாது.”

ஓபல் தாயின் கையைப் பிடித்தாள். “அம்மா, ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லும்மா.”

சொன்னால் அதிசயக் குழந்தை போய்விடும். பெர்த்தா கண்ணை மூடினாள். பெற்ற மனம் அல்லவா? “பதினெட்டுதான் சார்” என்றாள். கொட்டகையே கைதட்டியது.

“நல்லது. உங்க வயசு?”

“இருபத்தொன்பது” என்று பழக்கம் முந்திக்கொண்டது.

துரை கழித்துப் பார்த்தார். “பதினோரு வயசுல பிள்ளை பெத்தீங்களா? அலுவலகம் அதை ஏத்துக்காது. நீங்க தாயே இல்லை. உங்க சாட்சியும் செல்லாது.”

“அம்மா, திருத்திச் சொல்லு!”

பெர்த்தா சுற்றிலும் பார்த்தாள். வாத்தியக்காரர்கள் பதினொரு பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மகளுக்காகப் பிழைப்பையே விட்டவள், நெடுநேரம் போராடிவிட்டு, “முப்பது” என்றாள்.

அதுவும் கணக்குக்குப் போதவில்லை. ஆனாலும் துரை இரக்கமுள்ளவர். “பிரசவத்தப்போ கூட இருந்தவங்க சாட்சி சொல்லலாம். அப்பவே இருபத்தொண்ணு ஆகியிருக்கணும். அதாவது இப்போ முப்பத்தொன்பதுக்குக் குறையாத பெண்மணி யாராவது இருக்கீங்களா?”

வெந்நீர் வைத்தவள் அங்கே இருந்தாள். குழந்தையைத் துடைத்தவள் இருந்தாள். கையில் ஏந்திய இர்மாவும் இருந்தாள். அவளுக்கு வருகிற மாதம் ஐம்பத்தி நாலு. மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

“நீயாவது சொல்லியிருக்கலாமே?” என்று இர்மாவைக் கேட்டேன்.

“உனக்கென்னடி, வீட்டுக்குள்ள இருக்கிறவ” என்று அழுதாள். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் என் வயதுக்குத் தாவுவாள்.

ஓபல் அஞ்சாம் வகுப்பில் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். முழங்கால் மேசையில் இடிக்கிறதாம். நீங்கள் அந்தப் பக்கம் போனால், வாத்தியாரிடம் கொஞ்சம் உயரமான மேசை ஒன்று போடச் சொல்லுங்கள்.