அக்கா கல்யாணத்தில் என் கனத்த சத்தம்

தானாகக் கற்றுக்கொண்டவனுக்கு ஒரு வசதி உண்டு. தப்பைத் தப்பு என்று சொல்ல ஆள் இருக்காது. வாத்தியார் வைத்துக் கற்றவன் கைகால் உதற மேடை ஏறுவான். என்னைப் போன்றவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறுவான். உதறல் எல்லாம் கீழே உட்கார்ந்து கேட்பவர்களுக்குத்தான்.

நான் எலெக்ட்ரிக் கிடார் கற்றது அப்படித்தான். தொண்ணூறுகளின் தொடக்கம், அம்பத்தூர். நைனா (எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அதுதான் பெயர்) இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். நாள் முழுக்க இரும்பு கடையும் சத்தத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே என் கிடார் அவரை வரவேற்கும். "கம்பெனிலதான் இரும்பு கத்துதுன்னா ஊட்லயும் கத்துது" என்பார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். நான் தேடிக்கொண்டிருந்த சத்தமே அதுதானே!

எல்லாவற்றுக்கும் காரணம் சேகர் கொண்டுவந்த கேசட். சேகர் என் நண்பன்; டிரம்ஸ் வாசிப்பான், பாடவும் செய்வான் (இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் ஏதாவது ஒன்று கவிழும்). அது ஏதோ வெளிநாட்டு இசைக்குழுவின் கேசட். யாரோ பதிவு செய்ததிலிருந்து யாரோ பதிவு செய்ததை இவன் பதிவு செய்திருந்தான். அந்தக் கொரகொரப்பையும் மீறி அதில் கிடார் உறுமியது. லோடு லாரி மேடேறும்போது தரை அதிருமே, அப்படி வயிற்றுக்குள் இறங்கியது. நம் ஊர் மெல்லிசைக் கச்சேரிகளில் கிடார் என்றால் ஓரமாக நின்று சிணுங்குகிற வாத்தியம். அது சிணுங்கக் கூடாது, உறும வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். அம்பத்தூரில் அந்த முடிவை எடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இரண்டாவது ஆள் இருந்ததாகவும் தெரியவில்லை.

கிடார் வாங்கப் போன கதையே தனி. மவுண்ட் ரோட்டுப் பக்கம் ஒரு வாத்தியக் கடை. கடைக்காரர் சிவப்பாக, பளபளவென்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வாசித்துப் பார்த்தேன். எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூன் பட்டது போலக் கிணுகிணுத்தது. மூலையில் கறுப்பாக ஒன்று சாய்ந்திருந்தது. யாரோ கைமாற்றிவிட்டுப் போனது. பெயிண்ட் உதிர்ந்து, கழுத்து லேசாக வளைந்து இருந்தது. ஆனால் அதன் பிக்கப் இரட்டைச் சுருள். (கம்பிக்குக் கீழே இருக்கும் காந்தத்துக்குத்தான் பிக்கப் என்று பெயர். அது இரட்டையாக இருந்தால் சத்தம் தடிக்கும்.) தூக்கிப் பார்த்தேன். ஆட்டுக்கல் தோற்றது.

"அது வேணாம் தம்பி, தோளு எறங்கிடும்" என்றார் கடைக்காரர்.

"கனமாத்தான் அண்ணே வேணும்."

கனமான மரம் என்றால் கனமான சத்தம். இது நானே கண்டுபிடித்த விதி. பூசணிக்காய் வாங்குகிறவன் மாதிரி தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து வாங்கி வந்தேன்.

பிறகு தொடங்கியது வைத்தியம். இருப்பதிலேயே தடித்த கம்பிகளைக் கட்டினேன். பிக்கப்பை ஸ்க்ரூடிரைவரால் உயர்த்தி உயர்த்தி, காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கிற அளவுக்குக் கொண்டுபோனேன். சத்தம் தடித்தது, சுருதி ஓடிப்போனது. சுருதி போனால் போகட்டும் என்று மொத்தத்தையும் இறக்கிக் கட்டினேன். கம்பிகள் கொடிக்கயிறு போலத் தொங்கின. ஆனாலும் உறுமல் வரவில்லை. அதற்கு டிஸ்டார்ஷன் பெடல் வேண்டும். காலால் ஒரு மிதி மிதித்தால் கிடாரின் குரலைக் கிழித்துக் கரகரவென்று கனமாக்கும் சின்னப் பெட்டி அது. வெளிநாட்டுப் பெடல் எல்லாம் அன்று எங்களுக்குக் கனவு. நான் என்ன செய்தேன்? ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையைப் பார்த்து நானே செய்தேன். பாதி சாமான் ரிச்சி தெருவில் வாங்கியது. முக்கியமான இரண்டு டிரான்சிஸ்டர்கள் மட்டும் எங்கள் வீட்டில் செத்துப்போய்க் கிடந்த பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கியது.

இதை உலோகப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் காற்றில் போகிற கண்ட சமாச்சாரமும் உள்ளே புகுந்துவிடும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. பீரோ மேல் அடுக்கு டப்பா செட் ஒன்று இருந்தது. அளவான டப்பா ஒன்றை உருவி, ஓட்டை போட்டு, பெடலை அதற்குள் பூட்டினேன். மிதித்தேன். ஆகா! பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டுவிட்டார்களா என்று எட்டிப் பார்த்தார். என் வாழ்க்கையில் கிடைத்த முதல் விமரிசனம்.

இந்த நேரத்தில்தான் மஞ்சுளா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கஜேந்திரன், வெள்ளானூர்க்காரர், ஆவடியில் ஃபாக்டரி வேலை. கல்யாண மண்டபமும் ஆவடியில். முந்தின நாள் சாயங்காலம் ரிசெப்ஷன், விடிந்தால் தாலி. ரிசெப்ஷனுக்குக் கச்சேரி யார் என்ற பேச்சு வந்தபோது நான் தொண்டையைச் செருமினேன். நைனா முறைத்தார்.

அக்காதான் எனக்காக நின்றாள். "தம்பி வாசிக்கலன்னா நானு மேடைல சிரிக்க மாட்டேன். போட்டோல்லாம் உம்முனுதான் வரும், பாத்துக்கோ."

நைனா இறங்கி வந்தார். ஆனால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தாலி ஏறாத ராத்திரிடா அது. அவங்க மனுசாளு முன்னாடி எதுனா ஏடாகூடம் ஆச்சு, உன் கிடார வெந்நீர் அடுப்புல வெச்சிடுவேன். உங்கக்காளுக்குத் தலைக்குனிவு வந்துச்சு, அப்பால உன்னையும் வெச்சிடுவேன்."

ஆக, பணயம் வைத்தது கிடாரை மட்டும் இல்லை. என்னை நம்பி நின்ற அக்காவின் மரியாதையையும் சேர்த்துத்தான்.

ரிசெப்ஷன் அன்று காலையில் அம்மா சீர்ப் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு கத்தல். அடுக்கு டப்பாவில் ஒன்று குறைகிறது! அது அக்காவுக்குச் சீர் கொடுக்க வாங்கி வைத்த செட் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"மாப்ள வூட்டுப் பொம்பளைங்க ஒவ்வொண்ணா எண்ணுவாங்கடா பாவி!" என்று கத்திக்கொண்டே அம்மா என் பெடலைத் தூக்கினாள். மீனின் வயிற்றைக் கிழித்துக் குடலை எடுப்பது போல உள்ளே இருந்ததை உருவி என் கையில் கொடுத்தாள். டப்பாவைப் புளி போட்டுத் துலக்கி, ஓட்டை இருந்த இடத்தில் மஞ்சளை அப்பி, மேலே பெரிதாகக் குங்குமம் வைத்து அடுக்கில் சேர்த்துவிட்டாள். லட்சுமிகரமாக இருந்தது.

என் பெடல் அநாதையாகிவிட்டது. அவசரத்துக்குக் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. அதற்குள் வைத்து மூடி வீட்டில் வாசித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. முன்பைவிட லேசாகவும் இருந்தது. பத்திரிகைக்காரன் சும்மா பயமுறுத்தியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பத்திரிகைக்காரன் சொன்னது எல்லா ஊருக்கும் பொது. ஆவடிக்கு மட்டும் கூடுதலாக ஒரு விஷயம் இருந்தது. எங்கள் மண்டபத்துக்குப் பின்னால், வயலைத் தாண்டி, ரேடியோ நிலையத்தின் பிரம்மாண்டமான டவர் நின்றுகொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காமல் இல்லை. வண்டியிலிருந்து இறங்கும்போது, "எம்மாம் ஒசரம் பாரு மச்சான்" என்று சேகரிடம் வியந்துகூடச் சொன்னேன்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. முதல் சில பாட்டுகள் அமைதியாக, பெடலைத் தொடாமல் வாசித்தேன். நைனாவின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. அக்காவும் மாப்பிள்ளையும் மேடையில் மாலையோடு நின்றார்கள். பரிசு கொடுக்க வரிசை நீண்டிருந்தது. சேகர் மைக்கில், "அடுத்து, மணப்பெண்ணின் தம்பி வழங்கும் தனி கிடார் இசை" என்று அறிவித்தான்.

சோப்பு டப்பாவை மிதித்தேன்.

சொல்லிக்கொள்ளட்டுமா? அது ஒரு சத்தம்! மண்டபத்தின் தகரக் கூரை எதிர்ப்பாட்டு பாடியது. பன்னீர்ச் சொம்பு நடந்தது. முன்வரிசையில் ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன ஐஸ்கிரீமை அப்படியே நிறுத்தினார். நான் தேடிய உறுமல் முழுசாக, கனமாக, என் காலடியிலிருந்து கிளம்பியது. நாடகம் போட வேண்டுமே என்று கையைத் தூக்கி, கம்பியை விட்டு எடுத்து, ஒரு மௌனம் கொடுத்தேன்.

அந்த மௌனத்தில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களிலிருந்தும் ஓர் ஆண்குரல் தெளிவாகப் பேசியது:

"...கத்தரியைத் தாக்கும் தண்டு மற்றும் காய்ப்புழுவைக் கட்டுப்படுத்த, வாடிய நுனித்தண்டுகளைக் கிள்ளி அகற்றி உடனே அழித்துவிட வேண்டும்."

மண்டபம் என்னைப் பார்த்தது. நான் சோப்பு டப்பாவைப் பார்த்தேன். பதற்றத்தில் மறுபடி ஓங்கி வாசித்தேன், குரல் அடங்கியது. கையை எடுத்தேன், "காய்களில் துளை தென்பட்டால்..." என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அக்கா சிரித்த முகத்தை மாற்றாமல் கண்ணால் மட்டும் என்னைக் கொன்றாள். நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையை நோக்கிக் கிளம்பிவிட்டார். மிதித்து நிறுத்தினேன்.

"ஏய்! எவன்டா நிறுத்துனது?"

எழுந்து நின்றவர் மாப்பிள்ளையின் அப்பா, முனுசாமி மாமா. செத்தோம் என்று நினைத்தேன்.

"போடு தம்பி! அத்தப் போடு! இன்னிக்கு கத்திரிக்காப் புழுவப் பத்தி சொல்றேன்னு நேத்தே ரேடியோல சொன்னான். புள்ள கல்யாணமாச்சேன்னு வுட்டுட்டு வந்துகினேன். அங்க தோட்டத்துல பாதி பூடுச்சுப்பா!"

நைனா அதற்குள் மேடையேறி ஒயரைப் பிடுங்கக் குனிந்துவிட்டார்.

"சம்பந்தி! கைய வெக்காதே!" என்று ஒரு அதட்டல். நைனா குனிந்தபடியே நின்றார்.

மறுபடி மிதித்தேன். குரல் வந்தது, ஆனால் மங்கலாக. நான் நகர்ந்தால் கூடியது, குறைந்தது. கிடாரின் கழுத்தை ஜன்னல் பக்கம், டவரை நோக்கித் திருப்பினால் கணீரென்று கேட்டது. முனுசாமி மாமா நாற்காலியை மேடைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு உத்தரவு போட்டார்: "சோத்தாங்கைப் பக்கம் கொஞ்சம்... இன்னும்... ஆங்! அங்கியே நில்லு. மூச்சு வுடாதே."

நின்றேன். துப்பாக்கி பிடித்த சிலை போல, கம்பியைத் தொடாமல், ஆட்டுக்கல்லைவிடக் கனத்த கிடாரை ஜன்னலுக்கு நீட்டிக்கொண்டு நின்றேன். வெள்ளானூர்க்காரர்கள் எல்லோரும் மேடையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பரிசு வரிசை கலைந்தது. பந்திக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். என்ன மருந்து, எத்தனை தண்ணீரில் கலப்பது என்று வானொலிக்காரர் சொல்லச் சொல்ல, மாமா உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தார். கடைசியில் காய்கறிச் சந்தை நிலவரம் வேறு. அதையும் கேட்டுவிட்டுத்தான் என் தோளுக்கு விடுதலை.

"இது இன்னாடா மாயம்?" என்று நைனா கிசுகிசுத்தார்.

"ரேடியோல இருந்து புடுங்கின டிரான்சிஸ்டர் நைனா."

"அதான் பழக்கதோசம்" என்றார், எல்லாம் புரிந்தது போல.

சேகர் வேறு மாதிரி சொன்னான்: "டவர் கிட்டக்க கம்பி வேலியே நியூஸ் படிக்கும் மாமே. உன் சோப்பு டப்பா படிக்காதா?"

பிறகு முனுசாமி மாமா, "இப்போ உன் பாட்ட வாசிப்பா, கேக்கறோம்" என்றார். வாசித்தேன். விட்ட உறுமலை முழுசாக உறுமி முடித்தேன். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அது கத்தரிக்காய்க்குத்தான் என்று இன்றுவரை சேகர் சொல்கிறான். பொறாமை. மறுநாள் தாலி நல்லபடியாக ஏறியது. அக்கா மணமேடையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்த போட்டோ எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் உம்மென்று நிற்பது நான்தான், தோள்வலியில். வீடு திரும்பும்போது நைனா கிடாரை என்னிடம் வாங்கித் தானே தூக்கிக்கொண்டு வந்தார். "கனமாத்தான் கீது" என்றார். வெந்நீர் அடுப்புப் பேச்சு அதோடு நின்றது.

பின்னாளில் நல்ல நல்ல பெடல்கள் வாங்கினேன். பெரிய மேடைகளில் வாசித்தேன். கூப்பிட்ட இடத்திலெல்லாம் சம்பளம் ஒருமுறைதான் கொடுத்தார்கள். அந்த ரிசெப்ஷனுக்கு மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அந்த வருடம் முனுசாமி மாமாவின் தோட்டம் பிழைத்தது. முதல் பறியில் ஒரு கோணி கத்தரிக்காய் எங்கள் வீட்டுக்கு வந்தது, "கிடாருக்காரருக்கு" என்று. அடுத்த வருடமும் வந்தது. என் மனைவி கல்யாணமாகி வந்த புதிதில், "உங்க ராயல்டி வந்திருக்கு, வறுக்கவா, கொழம்பா?" என்று கேட்கப் பழகிக்கொண்டாள். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். எண்பதைத் தாண்டிய மாமா, மொட்டைமாடியில் தொட்டி வைத்து வளர்க்கிறார். கோணி சுருங்கிக் கைப்பை ஆனது, வரத்து நிற்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு வந்ததில் ஒரு காயில் சின்னதாக ஒரு துளை. போனில் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் முனுசாமி மாமாவே போனில் வந்தார். பின்னால் வீடே சிரிக்கும் சத்தம்.

"பாத்தேன் தம்பி" என்றார். "கிடார எடுத்துகினு எப்ப வரே?"