முதலில் ஆதாரம், பிறகு தண்ணீர்

அமெரிக்காவில் எனக்கு வாக்கில்லை. வீடு வாசலும் இல்லை. இரண்டு தரம் போயிருக்கிறேன், இரண்டு தரமும் சொந்தக்காரர் வீட்டுச் சோபாவில் படுத்தெழும்பி வந்திருக்கிறேன். இருந்தும் அந்த நாட்டு அரசியலுக்காக என் அக்காவின் கல்யாணத்தைக் கால் மணி நேரம் வாசலிலேயே நிறுத்தி வைத்தவன் நான். இதற்காக நான் வெட்கப்பட வேண்டும் என்று குடும்பம் எதிர்பார்க்கிறது. பாதிக்கு வெட்கப்படுகிறேன். மற்றப் பாதியை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கனடாவில், மொன்றியலின் லாசால் பகுதியில் அப்பா, அம்மா, வதனி அக்காவுடன் ஒரு அடுக்குமாடியில் இருந்தேன். பக்கத்திலேயே ஒரு களஞ்சியசாலையில் வேலை. பெட்டிக்கு வெளியே எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்து அனுப்ப வேண்டும். (இந்த விவரத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் என்னைக் குத்துவதற்கு உங்களுக்கு உதவும்.) வேலை முடிந்து வந்தால் அமெரிக்க அரசியல். எந்தக் கட்சிக்கு ஆதரவு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப்பேர் இத்தோடு வாசிப்பதை நிறுத்திவிடுவீர்கள், மற்றப் பாதிப்பேர் எனக்குப் படம் அனுப்பத் தொடங்குவீர்கள். மொன்றியல் மாநகரசபைத் தேர்தலன்று வாக்குச்சாவடி எங்கள் கட்டடத்துக்கு நேர் எதிரில்தான் இருந்தது. நான் யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு, திரையில் வெளிச்சம் படாமல், அமெரிக்க விவாதம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம்தான் அக்காவுக்குச் சம்பந்தம் சரிவந்தது. மாப்பிள்ளை சுதன் அத்தான், நியூ ஜெர்சியில் இருக்கிறார். காப்புறுதிக் கம்பனியில், விபத்துக்குக் காசு கேட்டு வருபவர்கள் சொல்வது உண்மையா என்று விசாரிக்கும் வேலை. பொறுமைசாலி, கதை குறைவு, அக்காவில் உயிர். எல்லாம் நல்லது. ஆனால் அவர் மற்றக் கட்சி.

கல்யாண வேலைகளைப் பேச அக்கா ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினாள். தட்டம் எத்தனை, வாழைக்குலை ஆர் கொண்டு வருவது என்பதெல்லாம் பேசத் தொடங்கிய குழு அது. மூன்றாம் நாள் சுதன் அத்தான் அதில் ஒரு வீடியோ போட்டார். பாலமொன்றில் நின்று இருவர் கட்டுக்கட்டாகக் காகிதங்களை ஆற்றில் கொட்டுகிறார்கள். அவை வாக்குச்சீட்டுகள் என்று கீழே எழுதியிருந்தது. நான் இரண்டு நாள் தூங்காமல் துப்புத் துலக்கி, அவை ஏதோ கடையின் மலிவு விற்பனைத் துண்டுகள் என்று கண்டுபிடித்துப் போட்டேன். அத்தான் பதிலுக்கு ஒரு பெருவிரலை மட்டும் காட்டினார். அது ஒத்துக்கொள்ளலா, நக்கலா என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததால் இன்னும் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில்தான் என் படத்தைப் போட்டேன். என் கட்சியின் கூட்டத்துக்கு வந்த சனம் என்று ஒரு பக்கத்தில் வந்த படம். கண்ணுக்கெட்டிய தூரம் தலைகள். "இதுதான் உண்மையான ஆதரவு" என்று எழுதி அனுப்பினேன். படம் என் கைக்கு வந்ததற்கும் நான் அதை அனுப்பியதற்கும் இடையில் ஒரு கொட்டாவி விடக்கூட நேரமில்லை. அத்தான் அதற்கும் பெருவிரல் காட்டினார். வாழைக்குலைப் பிரச்சினை தீராமலே கிடந்தது. கடைசியில் அக்கா, இனிக் குழுவில் அமெரிக்கா என்ற சொல்லையே கண்டால் இருவரையும் வெளியே போட்டுவிடுவேன் என்று எழுதினாள். மாப்பிள்ளையை வெளியே போட்டுவிட்டு எப்படிக் கல்யாணம் செய்வாய் என்று நான் கேட்டேன்.

எங்கள் யாழ்ப்பாணத்துக் கல்யாணங்களில் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைக்குத் தோழன். மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் தோழன் செம்பில் தண்ணீர் எடுத்து அவர் காலைக் கழுவி, துடைத்து, பன்னீர் தெளித்து, மாலை போட வேண்டும். பதிலுக்கு மாப்பிள்ளை தோழனுக்கு மோதிரம் போடுவார். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை உள்ளே வரலாம். அதாவது அந்த ஐந்து நிமிடத்துக்கு, எவ்வளவு பெரிய மாப்பிள்ளையும் தோழனின் செம்புக்குக் கட்டுப்பட்டவர். இப்படி ஒரு அதிகாரம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

கல்யாணம் லாசாலில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்து, காலையில் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மேளம் முழங்கியது. எனக்கு ஜரிகைத் தலைப்பாகை. அது ஒரு அளவு பெரிது. குனிந்தால் கண்ணை மூடும், நிமிர்ந்தால் பின்னால் விழும். சுதன் அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாம்பாளத்தில் ஏறி நின்றார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். நான் செம்பைச் சரித்தேன். தண்ணீர் விளிம்புவரை வந்தது.

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது.

"அத்தான், அந்த ஆத்து வீடியோ பொய்தானே?" என்றேன். "ஓம் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. ஊத்துறன்."

சத்தியமாக விளையாட்டாகத்தான் தொடங்கினேன். அவர் சிரித்துக்கொண்டு ஓம் சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். அவர் சிரித்தார், ஓம் சொல்லவில்லை. பேந்து கதைப்பம் மச்சான் என்றார். பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடும் அந்தப் பேந்து என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஏறிவிட்டது. செம்பை நிமிர்த்திவிட்டேன்.

மேளகாரர் பாட்டை முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார். தண்ணீர் விழவில்லை என்று கண்டு மறுபடி தொடங்கினார். ஐயர் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, முகூர்த்தத்துக்கு இன்னும் அரை மணிதான் இருக்கிறது என்றார். அம்மா என் முதுகில் விரலால் குத்தினாள். வீடியோக்காரர் மட்டும் சந்தோஷமாகக் கிட்ட வந்து நின்றார். நான் அசையவில்லை. உண்மைக்காக ஒருவன் நிற்க வேண்டும் என்றால், அது தலைப்பாகையோடு என்றாலும் நிற்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். (தலைப்பாகை அந்த நேரம் இடது காதில் இருந்தது என்பது வீடியோவில் பார்த்துத்தான் தெரியும்.)

சுதன் அத்தான் தாம்பாளத்தில் நின்றபடியே பின்னால் கையை நீட்டினார். அவர் தங்கை தன் கைப்பையிலிருந்து போனை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. எல்லாம் ஆயத்தமாக இருந்தது. அத்தான் திரையை என் முகத்துக்கு நேரே பிடித்தார். நான் அனுப்பிய கூட்டத்தின் படம், இடது மூலை, நன்றாகப் பெரிதாக்கப்பட்டது.

"கதிரையைத் தலையில கவிட்டுக்கொண்டு நிக்கிற ஆள் ஆர் மச்சான்?" என்று கேட்டார்.

செம்மஞ்சள் தொப்பி. அதன்மேல், உட்காருவதற்கான மடக்குக் கதிரை. எங்கே வைத்தாலும் களவு போய்விடும் என்று பயந்து கதிரையைத் தலையிலேயே வைத்திருக்கும் மனிதர் இந்தக் கண்டத்தில் ஒருவர்தான். அவர் அப்போது பட்டு வேட்டியோடு எனக்குப் பக்கத்தில் நின்றார். எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"உது நான்தான்," என்றார் அப்பா. "இஞ்ச மொன்றியலுக்குப் பக்கத்தில, லொங்குய்ய் ஆத்தங்கரையில வாணவேடிக்கை பாக்கப் போன நேரம். வடிவா நிக்கிறன் என்ன?"

அதோடு விட்டிருக்கலாம். அப்பாவுக்கு உண்மை பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. தன் பின்னால் சிவப்புக் குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, முதுகு காட்டி நிற்பவன் தன் மகன் என்று விரலை வைத்துக் காட்டினார். ஆம், நான்தான். நானே நின்ற கூட்டத்தை, வேறொரு நாட்டின் கூட்டம் என்று, நானே நம்பி, நானே பரப்பியிருந்தேன். பெட்டியின் லேபிள் சரிபார்ப்பவன். சுதன் அத்தானோ இரண்டு கிழமையாக அதைப் பொத்தி வைத்திருந்தார்.

வாசல் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது இரண்டும் கொதித்தன. மானமுள்ள ஒருவன் அந்த இடத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குனிந்த தலையோடு போயிருப்பான். ஆனால் யோசித்துப் பாருங்கள். என் படம் பொய் என்றால் அவர் வீடியோ எப்படி உண்மையாகும்? இதைத்தான் அன்றும் கேட்டேன்.

"சரி அத்தான், என்ர படம் பொய். எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கொள்ளுறன். இப்ப உங்கட வீடியோவைச் சொல்லுங்கோ."

சிரிப்பு நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர், பஸ் இன்னும் வெளியில்தான் நிற்கிறது என்றார். அப்பாவின் போன் அடித்தது. உடுத்தும் அறையிலிருந்து அக்கா. யாரோ அவளுக்கு உள்ளே போய் வர்ணித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அப்பா பதற்றத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினாரோ, அக்காவின் குரல் வாசல் முழுக்கக் கேட்டது.

"அவன் இப்ப ஊத்தாட்டி நான் வந்து ஊத்துவன். பேந்து ரெண்டு பேரின்ர காலையும் அடிச்சு முறிப்பன்."

அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் உடனே குனிந்தேன். தலைப்பாகை கண்ணை மூடியது. காலைத் தடவிப் பிடித்து ஊற்றினேன். பாதித் தண்ணீர், அவசரப்படுத்த வாசலுக்கே வந்துவிட்ட ஐயரின் வேட்டியில்.

அந்த நேரத்தில்தான் நடந்தது. சுதன் அத்தான் வேட்டியைச் சரிசெய்வதுபோல் குனிந்து என் காதோடு, "சரி மச்சான், அதுவும் பொய்தான்" என்றார்.

சொன்னார். சத்தியமாகச் சொன்னார். ஆனால் நாதஸ்வரக்காரர் ஊதிய ஊதலில் பக்கத்தில் நின்ற அப்பாவுக்கே கேட்கவில்லை. வீடியோவிலும் கேட்காது. வாயசைவையாவது பார்க்கலாம் என்றால், சரியாக அந்த நொடியில் பெரியம்மாவின் கொண்டை குறுக்கே வருகிறது. நிமிர்ந்ததும் அத்தான் ஒன்றும் நடக்காததுபோல் என் விரலில் மோதிரத்தைப் போட்டுவிட்டு உள்ளே நடந்தார். அன்றிலிருந்து, தான் அப்படிச் சொல்லவேயில்லை என்கிறார். குடும்பத்தில் இப்போது இரண்டு கட்சிகள். சொன்னார் என்று நானும் அம்மாவும். (அம்மா கேட்டதாக அல்ல, பெற்ற பாசத்தில்.) சொல்லவில்லை என்று மற்ற எல்லோரும். அப்பா நடுநிலை, தன் படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்.

அக்கா மணவறைக்கு வந்தபோது கண்மை கன்னத்தில் இறங்கியிருந்தது. கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருக்கிறது. நான் வெட்கப்படும் பாதி அதுதான். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். அவள் மன்னித்துவிட்டதாகச் சொன்னாள், ஆனால் ஆல்பத்தை என் கையில் மட்டும் கொடுக்கிறாள் இல்லை.

போன வருடம் தை மாதம் எனக்குக் கல்யாணம். அதே மண்டபம். என் மனைவியின் தம்பி கஜன், பல் வைத்தியத்துக்குப் படிப்பவன், செம்போடு வாசலில் நின்றான். நான் தாம்பாளத்தில் ஏறினேன். அவன் செம்பைச் சரித்தான், பிறகு நிமிர்த்தினான்.

"அத்தான், அந்தக் கூட்டத்துப் படம் உண்மையோ பொய்யோ?"

சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். வதனி அக்கா முன்வரிசையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். சுதன் அத்தான் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கையைத் தூக்கினேன். "மேளத்தை ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்றேன். நிறுத்தினார்கள். அந்த அமைதியில், வீடியோக்காரரின் கமராவைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"என்ர படம் பொய். அவற்ற வீடியோவும் பொய். அண்டைக்கு அவர் அதை என்ர காதில ஒத்துக்கொண்டவர். இனி ஊத்து."

கஜன் ஊற்றினான். அது ஐஸ் தண்ணீர். மொன்றியலில் தை மாதம், வெறுங்காலில். நான் துள்ளிய துள்ளலில் தாம்பாளமே கவிழ்ந்தது. இது சுதன் அத்தானின் வேலைதான். ஆதாரம் எதுவும் இல்லை. ஆனாலும் நம்புகிறேன்.