தவளைக்கு வந்த கட்லற்

மரத்தவளை வளர்க்கிறதெண்டு நான் முடிவெடுத்ததுக்குக் காரணம் தவளை இல்லை. மீன்.

விளக்கமாச் சொல்லுறன். எங்கட ஒரே மகள் அனோஜா வவுனியாவில பிள்ளைத்தாச்சியா இருக்கிறாள். முதல் பிள்ளை. என்ர மனிசி சிவலட்சுமி வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி வைச்சுப்போட்டா. பிள்ளை சுகமாப் பிறக்க, இருபத்தொரு நாளைக்குத் அவளைப் பெத்த தாயும் தேப்பனும் மீன், இறைச்சியெண்டு ஒரு மச்சமும் தொடக்கூடாது. தாய் சரி. தேப்பனை ஒருத்தரும் கேக்கேல்லை.

வட்டக்கச்சியில தங்கராசா எண்டால் நாலு பேருக்குத் தெரியும். தங்கராசாவுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காதெண்டு நாப்பது பேருக்குத் தெரியும். ஒழுங்கையில நிண்டுகொண்டே, பக்கத்து வீட்டில பொரியிறது ஒட்டியோ ஓராவோ எண்டு மணத்திலயே சொல்லுற மூக்கு இது.

மூண்டாம் நாள் நான் கத்தரிக்காயைப் பாத்தன், கத்தரிக்காய் என்னைப் பாத்துது. ஆறாம் நாள் கனவில சூடை மீன் வந்து, "என்னண்ணை, மறந்திட்டியளோ?" எண்டு கேட்டுது. ஏழாம் நாள் குளிக்கப் போனால், சுவரில மூண்டு மரத்தவளை. மாரி தொடங்கினால் வாறதுகள்தான். விரல் நுனியால சுவரில ஒட்டிக்கொண்டு, அசையாமல் என்னையே பாத்துக்கொண்டிருந்துதுகள். வாளியும் கையுமா நிண்ட எனக்கு அப்பதான் யோசினை வந்துது.

நேர குசினிக்குப் போனன்.

"இஞ்சேரப்பா, நான் மரத்தவளை வளர்க்கப்போறன்."

"வளவு முழுக்கத் தானா வளருது. நீங்கள் ஏன் மினக்கெடுறியள்?"

"வெளிநாட்டில கண்ணாடித் தொட்டியில வைச்சு, பேர் வைச்சு வளர்க்கினம். பாத்துக்கொண்டிருந்தாலே பிறசர் இறங்குமாம். போனில பாத்தனான்."

"சாப்பாடு?"

இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கொண்டு நிண்டனான். முகத்தைக் கவலையா வைச்சன்.

"அதுதானப்பா பிரச்சினை. அதுகள் மச்சம் தின்னுறதுகள். விரத வீட்டுக்க வைக்கேலாது. கிணத்தடிப் பம்புக் கொட்டிலுக்க வைக்கிறன். நானே போய்ச் சாப்பாடு தீத்திப்போட்டு, கை கால் கழுவிப்போட்டு வாறன். உனக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

"என்ன மச்சம்?"

"மீன்... உருண்டை மாதிரி. மீன்கார அருளப்புவிட்டைச் சொல்லி எடுக்கலாம்."

சிவலட்சுமி அகப்பையைக் கீழ வைச்சிட்டு என்னை மேலயும் கீழயும் பாத்தா.

"சரி. வாயில்லாச் சீவன். அதுகளும் பாவந்தானே."

கலியாணம் கட்டி முப்பது வருசத்தில இவ்வளவு கெதியா அவா ஓம் சொன்னதே இல்லை. அதிலயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேணும். வரேல்லை. வயிறு வேற விசயமா இருந்துது.

அருளப்பு முல்லைத்தீவுக் கரையில இருந்து மோட்டச்சைக்கிளில மீன் பெட்டி கட்டிக்கொண்டு எங்கட பக்கம் வாறவன். அவன்ர மனிசி யூலிற்றான்ர கையால மீன் கட்லற் சாப்பிட்டவன் லேசில மறக்கமாட்டான். சந்தியில வைச்சு மறிச்சன்.

"அருளப்பு, ஒவ்வொரு நாளும் நாலு மீன் கட்லற் வேணும். தவளைக்கு."

"தவளைக்கோ அண்ணை?"

"தவளைக்குத்தான்."

"மிளகாய் போடுறதோ?"

"கொஞ்சம் உறைப்பா இருந்தால் அதுகளுக்குப் பிடிக்கும். பின்னேரம் நாலு மணிக்குப் பம்புக் கொட்டில் ஆணியில கொழுவிவிடு."

அருளப்பு கழுத்துச் செபமாலையைத் தடவினான்.

"நீங்கள் அம்மாளுக்கு நேர்த்தியெல்லோ வைச்சனியள்?"

"நேர்த்தி எனக்கு. தவளைக்கில்லை. கேள்வி கேக்காமல் கொண்டா."

அண்டைக்கே கொட்டிலுக்க பழைய மீன் தொட்டியை வைச்சன். அடியில தேங்காய்த் தும்பு, ஒரு சிரட்டையில மழைத்தண்ணி, ஏறி இருக்கக் கொய்யாக் கொப்பு, மேல நுளம்பு வலை. மூண்டு பேரையும் பக்குவமாப் பிடிச்சு விட்டன். அடுத்த நாள் நாலு மணிக்குப் பாசல் தொங்கிச்சுது. பிரிச்சன். பாரை மீன் எண்டு மூக்குச் சொல்லிச்சுது. முதல் கடியில கண்ணால தண்ணி வந்திட்டுது.

நியாயமான மனிசன் நான். ஒரு துண்டைத் தவளைக்கு முன்னாலயும் வைச்சன். மூத்தவர் கட்லற்றைப் பாத்தார், என்னைப் பாத்தார், மற்றப் பக்கம் திரும்பி இருந்தார். அசையிற பூச்சியைத்தான் தவளை தின்னுமெண்டு போன் பிறகுதான் சொல்லிச்சுது. விடேலுமே? தவளை செத்தால் கட்லற்றும் செத்துது. ஐம்பத்தெட்டு வயசில சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு வரம்பு வழிய தத்துவெட்டியான் பூச்சியைத் துரத்தினன். றோட்டால போறவையெல்லாம் சைக்கிளை நிப்பாட்டிப் பாத்தினம்.

"மீனுருண்டை காணாதோ?" எண்டு மனிசி குசினி யன்னலால கேட்டா.

"இது பின்னேரத் தேத்தண்ணிக்கு!"

"நல்லாச் சாப்பிடுதுகளோ?"

"அந்தமாதிரி."

"கத்தரிக்காய் திண்டு தொந்தி வைச்ச முதல் ஆம்பிளை நீங்கள்தான்."

அருளப்புவைக் காணேக்க, "யூலிற்றாவிட்டைச் சொல்லு, என்ர மனிசிக்கு இந்தக் கைப்பக்குவம் வராது" எண்டும் சொல்லிவிட்டன். அவன் மோட்டச்சைக்கிள் கோணை அடிச்சுக்கொண்டு போனான்.

ஆனால் ஒண்டு. கட்லற் வயித்துக்குப் போச்சுது, நிம்மதி வெளிய போச்சுது. போன் அடிச்சால் எனக்கு நெஞ்சு அடிக்கும். இருந்தால் எழும்புவன், எழும்பினால் கிணத்தடிக்கும் படலைக்கும் நடப்பன். சாமியறைப் பக்கம் போறதே இல்லை. இண்டையோட விடுறனெண்டு ஒவ்வொரு நாளும் அம்மாளுக்குச் சத்தியம் பண்ணுவன். நாலு மணிக்குக் கால் தன்ர பாட்டில கொட்டிலுக்குப் போகும்.

இருபத்தோராம் நாள் காலமை மருமகன் மதுசன் போன் எடுத்தான். அனோஜாவுக்குப் பிள்ளைப்பேற்று வருத்தம் வந்து, ஆசுப்பத்திரியில உள்ள கொண்டுபோயிட்டினமாம். பத்து மணிக்கு எடுத்தன். "இன்னும் இல்லை மாமா." பன்ரண்டுக்கு எடுத்தன். "கொஞ்சம் கஷ்டப்படுறாவாம் மாமா. பொறுத்துப் பாப்பமெண்டு டொக்ரர் சொல்லுறார்." ரெண்டு மணிக்கு எடுத்தன். அவன்ர குரல் உடைஞ்சு போச்சுது.

குசினிக்க போய் நிலத்தில இருந்திட்டன்.

"சிவலட்சுமி, என்னை அடி."

"ஏன்?"

"நேர்த்தியை முறிச்சுப்போட்டன். தவளை கட்லற் தின்னாது. நான்தான் திண்டனான். என்ர பிள்ளைக்கு ஏதும் நடந்தால் இந்த நாக்காலதான்."

வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதன். மனிசி அடிக்கேல்லை. ஏசேல்லை. மூடியிருந்த கோப்பையை எடுத்து எனக்கு முன்னால வைச்சா. கட்லற். நாலு. சூடு.

"விசரே உனக்கு? இதென்னது?"

"வாழைப்பூவும் சோயாவும் உருளைக்கிழங்கும். நான் போட்டது. நீங்கள் திண்டது எல்லாமே நான் போட்டதுதான். சந்தியில உங்களைக் கண்ட கையோட அருளப்பு என்னட்டை வந்திட்டான். 'அக்கா, மாதாவுக்கு நேர்த்தி வைச்சால் நாங்கள் விளையாடமாட்டம். அம்மாளோட விளையாட எனக்குப் பயமாக் கிடக்கு' எண்டான். நான் போட்டுத் தாறன், நீ கொண்டுபோய்க் கொழுவு எண்டனான்."

"அப்ப அந்தப் பாரை மீன் மணம்?"

"ரெண்டரைக்குப் பின்பக்கத்தால வந்து வாங்கி, நாலு மணி வரைக்கும் அவன்ர மீன் பெட்டிக்கு மேல வைச்சிருந்த மணம்."

நான் என்ர மூக்கைத் தொட்டுப் பாத்தன்.

"தவளை என்ன தின்னுமெண்டு எனக்குத் தெரியாதே? முப்பது வருசமா அதுகளோடதானே குளிக்கிறன். என்ர கைக்கு வராத பக்குவமெண்டும் சொல்லிவிட்டியளாம்."

வாய் திறக்க முந்திப் போன் அடிச்சுது. சிவலட்சுமி பறிச்சு எடுத்தா.

"மாமி, பெட்டைப்பிள்ளை! தாயும் பிள்ளையும் சுகம்!"

ரெண்டு பேரும் சாமியறைக்கு ஓடினம். அம்மாள் படத்துக்கு முன்னால விழுந்து கும்பிட்டன். இவ்வளவு நாளுக்குப் பிறகு முகத்தை நேர பாத்துக் கும்பிட்டன். எழும்பினாப் பிறகும் எனக்கு நம்பிக்கை வரேல்லை.

"அப்ப நான் நேர்த்தியை முறிக்கவே இல்லையோ?"

சிவலட்சுமி கண்ணைத் துடைச்சு, என்ர நெத்தியில திருநீறைப் பூசிவிட்டா.

"இருபத்தொரு நாளும் இந்த வளவில மச்சம் திண்டது அந்த மூண்டு தவளையும்தான்."