தாடையில் ஒரு மிளகு

"இன்னாய்யா இது? தாடைல கறுப்பா ஓட்டை மாரி கீது?"

மதி எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கன்டெய்னர் யார்டில் பன்னிரண்டு மணிநேர ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருந்த அவள் புருஷன் செங்குட்டுவன் பார்த்தான். இடது பக்கம், கடைவாய்ப்பல்லுக்குக் கீழே, மிளகளவு புள்ளி.

மகள் மகிழினிக்குப் பிறவியிலேயே ஓர் அபூர்வ நோய். உடம்பு ஒருவகைக் கொழுப்பைக் கரைக்கத் தெரியாமல் எலும்புக்குள் பதுக்கும், எலும்பு அரித்துப்போகும். சொத்தைப்பல் வலியில் பிள்ளை தூங்கி மூன்று நாளாகிறது. "தாடை எலும்பு நல்லா இருந்தாதான் பல்லைப் பிடுங்குவேன். ஓட்டை இருந்தா தொட மாட்டேன்," என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இது ஓட்டையாம்மா?" என்று எக்ஸ்ரே சென்டர் ஜெனியிடம் கேட்டான்.

"எடுக்கறதோட என் வேலை சரி சார். பார்த்துச் சொல்றது டாக்டர்."

"எல்லாம் ஒன் வம்சத்து சீக்குய்யா," என்றாள் மதி.

பதினான்கு வருடச் சண்டை. இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் வரும் என்று டாக்டர் எத்தனை முறை சொன்னாலும் இவர்கள் காதில் ஏறியதில்லை. அவனுக்கு அலுத்துவிட்டது.

"என் தாடையயும் எடும்மா. இன்னிக்கே முடிச்சிடலாம்."

"டாக்டர் சீட்டு இல்லாம எடுக்கக் கூடாது சார்."

அவன் நகரவில்லை. வரிசை முணுமுணுத்தது. காலையிலிருந்து நின்றே வேலை செய்த ஜெனிக்கு வாதாடத் தெம்பில்லை. "குச்சியைக் கடிங்க. ஆடாதீங்க."

மெஷின் அவன் தலையைச் சுற்றி வந்தது. படத்தில் அதே இடம், அதே மிளகு.

"நான் சொல்லல?" என்றாள் மதி.

"நீயும் எடு!"

தோடு, மூக்குத்தி, தாலிச்சரடு எல்லாவற்றையும் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவளுக்கும் மிளகு. ஜெயித்த சந்தோஷம் வரும் என்று பார்த்தான், அழுகைதான் வந்தது.

மதி தண்டையார்பேட்டையிலிருந்து அண்ணன் அறிவை வரவழைத்தாள். "எங்க வூட்டு எலும்பு இரும்பு மாப்ள," என்று உள்ளே போன அறிவு, படத்தோடு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். பீரோ சாவி எங்கே இருக்கிறதென்று மனைவிக்குப் போனில் சொல்லத் தொடங்கினான்.

டாக்டரிடம் போகும் ஆட்டோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. நான்கு பேர் மடியிலும் நான்கு படங்கள். "ஒன் வம்சம்" என்று சொல்ல இப்போது யாருக்கும் வாயில்லை.

"என் பல்ல புடுங்க மாட்டாங்களாப்பா?" என்றாள் மகிழினி, கன்னத்தைப் பிடித்தபடி.

செங்குட்டுவன் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான்.

வழியெல்லாம் இவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்த ஆட்டோக்காரர் மதார் சாகிப் திரும்பினார். "ஜெனிப் பொண்ணு எடுத்த படமா? குடுங்க."

மகிழினியின் படத்தை வாங்கினார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். "நேத்து பல்லு வலின்னு நானும் அங்கதான் எடுத்தேன்."

இரண்டு படங்களையும் முன்கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்து, வெகுநேரம் மாறி மாறிப் பார்த்தார்.

"அதே எடம், அதே மொளகு. நைனா, அப்போ நான் ஒங்களுக்கு இன்னா மொற வேணும்?"