எண்பத்து நான்கு குழாய்களை நான் சுருக்கிய விதம்

கம்ப்யூட்டர் தெரிந்தவன் ஒரு நிமிடத்தில் செய்யும் நாசத்தை, தெரியாதவன் ஒரு வருடம் முயன்றாலும் செய்ய முடியாது. தெரியாதவனுக்குப் பயம் இருக்கும். எனக்கு அது அப்போது இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சான்றிதழும், கழுத்தில் அடையாள அட்டையும், வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதம் ஆனவனுக்கு வரும் மிதப்பும் இருந்தன.

சிங்கப்பூரில், துவாஸ் பகுதியில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு யார்டில் சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. ஆறாவது மாதம் நிரந்தரமாக்குவார்கள், இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட். அதற்குள் எதையாவது சாதித்துக் காட்டிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு வாகாக எங்கள் யார்டில் ஒரு விக்கி இருந்தது.

விக்கி என்றால் யார்டுக்குள் யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய எங்கள் சொந்தத் தகவல் பக்கங்கள். எஞ்சின் அறையிலிருந்து குழாய்களைக் கழற்றினால், ஃபிட்டர்கள் ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை மார்க்கரால் எண் எழுதி, யார்டு டேப்லெட்டில் படம் எடுத்து, அந்தக் கப்பலுக்கான பக்கத்தில் ஏற்றிவிடுவார்கள். பிறகு குழாய்கள் துரு போக மணல் அடிக்கப் போகும். திரும்பி வரும்போது துருவும் இருக்காது, எண்ணும் இருக்காது. எல்லாம் மொட்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரி வரிசையாகக் கிடக்கும். வளைவையும் போல்ட் துளைகளையும் பழைய வெல்டிங் தழும்புகளையும் படத்தோடு ஒப்பிட்டுத்தான் எது எந்த எண் என்று கண்டுபிடிப்பார்கள்.

ஒரே குறை, பக்கம் திறக்காது. ஒவ்வொரு படமும் அவ்வளவு பெரிது. திரையில் சின்னதாகத்தான் தெரியும், ஆனால் முழுப் படமும் டேப்லெட்டுக்கு இறங்கி வந்த பிறகுதான் சுருங்கும். ஒரு கப் டீ கேட்டவருக்கு அண்டாவையே தூக்கிக்கொண்டு வருகிற கதை. இதற்குத் தீர்வு எளிது. படத்தை சர்வரிலேயே சுருக்கி, அந்தச் சின்ன நகலை மட்டும் அனுப்ப வேண்டும். அசல் ஓரமாகப் பத்திரமாக இருக்கும், யாராவது பெரிதாக்கிப் பார்த்தால் மட்டும் வெளியே வரும்.

நான் அதற்கு ஒரு நிரல் எழுதினேன். பதினோரு வரி. சின்ன நகலை வேறு பெயரில் சேமி என்பது பன்னிரண்டாவது வரியாக இருந்திருக்க வேண்டும். (அழகாக, சுருக்கமாக எழுதுவதில் எனக்கு அப்போது ஒரு பெருமை உண்டு.) ஆகவே ஒவ்வொரு சின்னப் படமும் அதன் அசலின் மேலேயே போய் உட்கார்ந்து, அசலை இல்லாமல் செய்துவிட்டது. எனக்கு அது தெரியாது. பக்கம் பறந்தது, அது மட்டும்தான் தெரிந்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் திறந்து காட்டினேன். எங்கள் மேலாளர் குணா இங்கேயே பிறந்து வளர்ந்தவர், லேசில் பாராட்ட மாட்டார்.

"நாப்பது செகண்ட் எடுத்த பேஜ், கண்ணு சிமிட்டறதுக்குள்ள வந்துருச்சே ஸ்ரீதர். நாட் பேட் லா."

அன்று சாயங்காலம் மனைவி நித்யாவைத் தேக்கா மார்க்கெட்டுக்கு வரச்சொல்லி பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். "நான் இல்லாட்டி அந்த யார்டு ஓடாது" என்று அவளிடம் சொன்னேன். இந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

புதன்கிழமை காலை, கப்பல் நிற்கும் டாக்கிலிருந்து போன் வந்தது. பேசியவர் செல்லத்துரை அண்ணன். பட்டுக்கோட்டைக்காரர், பதினாறு வருடமாக இங்கே ஃபிட்டர்.

"சார், படத்தப் பெருசு பண்ணா கட்டம் கட்டமா தெரியுது."

"நெட்வொர்க்கா இருக்கும்ணே. ஒரு தடவை அணைச்சுப் போடுங்க."

"மூணு தடவை அணைச்சுப் போட்டாச்சு சார்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனேன். டாக் ஓரத்தில் எண்பத்து நான்கு குழாய்கள் மொட்டையாகக் கிடந்தன. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் ஓடும் குழாய்கள். ஒன்று மாறினாலும் இணைப்பில் கசிந்து எஞ்சின் அறைக்குள் கடல் வந்துவிடும். கப்பல் வெள்ளிக்கிழமை புறப்பட வேண்டும். டேப்லெட்டில் ஒரு படத்தைப் பெரிதாக்கினேன். குழாயின் மேல் இருந்தது முப்பத்தொன்றா, முப்பத்தேழா, உட்கார்ந்திருக்கும் ஈயா என்று சொல்ல முடியவில்லை. தழும்பு, துளை எதுவும் இல்லை. எல்லாக் குழாயும் ஒரே சாம்பல் நிறக் கறையாக இருந்தது.

அங்கேயே நின்று லேப்டாப்பைத் திறந்து பேக்கப்பைப் பார்த்தேன். எங்கள் பேக்கப் மிகவும் விசுவாசமானது. சர்வரில் என்ன இருக்கிறதோ அதை நாள் தவறாமல் நகலெடுத்துப் பழையதைத் தூக்கிப் போட்டுவிடும். இந்த முறையும் கடமை தவறவில்லை. டேப்லெட்டுகளிலும் ஒன்றும் இல்லை. ஏற்றியதும் படங்களை அழித்துவிட வேண்டும், இடம் அடைக்கிறது என்று போன மாதம் உத்தரவு போட்ட மேதாவி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்தில் இருந்த குழாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அது எந்த எண் என்று யாருக்கும் தெரியாது.

"அண்ணே, அசல் எதுவும் இல்ல. நான்தான் அழிச்சுட்டேன்."

அவர் திட்டவில்லை. கூட இருந்தவர்களை டீ குடிக்க அனுப்பினார். பிறகு என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சார், ஒண்ணு சொல்றேன். மேல சொல்லிராதீங்க, என் வேலை பர்மிட் போயிரும். இந்தப் படமெல்லாம் என் வீட்டுக்காரிகிட்ட இருக்கு."

யார்டு படங்கள் வெளியே போகக்கூடாது என்பது கடுமையான விதி. அதை விக்கியில் எச்சரிக்கைப் படங்களோடு விரிவாக எழுதி வைத்தவனும் நான்தான்.

"அந்த ரூல் பேஜப் படிக்கலையாண்ணே?"

"அது என்னைக்கு சார் தொறந்துச்சு?" என்றார். "விக்கி தொறக்கறதுக்குள்ள எங்க டீ பிரேக்கே முடிஞ்சுரும். அதான் என் போன்லயும் ஒண்ணு எடுத்து அவளுக்கு அனுப்பி வச்சிருவேன். நம்பரச் சொன்னா போதும், உடனே எடுத்துக் குடுத்துருவா."

துவாஸ் சர்வரை வேகமாக்க நான் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அதைவிட வேகமான சர்வர் பட்டுக்கோட்டையில் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அண்ணன் போட்ட வீடியோ காலில் அவர் மனைவி செல்வி அக்கா வந்தார். வீட்டிலேயே தையல் வேலை செய்பவர், கழுத்தில் அளவு டேப் தொங்கியது. கணவர் விஷயத்தைச் சொன்னார். அக்கா ஆச்சரியப்படவில்லை, யாரையும் குறை சொல்லவும் இல்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"எந்தக் கப்பல்? போன மாசம் வந்த பச்சைக் கப்பலா? இருங்க."

ஒரு நிமிடத்துக்குள் படங்கள் வந்து விழ ஆரம்பித்தன. கப்பல் வாரியாக, எண் வரிசையில் பிரித்து வைத்திருந்தார். அனுப்பும்போது போனே படங்களைக் கொஞ்சம் சுருக்கியிருந்தது. ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. எண் பளிச்சென்று தெரிந்தது.

படம் கிடைத்ததே பெரிய விஷயம். அதற்கு மேல் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மெய் சிலிர்க்கிறது. அண்ணன் போனைக் குழாய்களின் மேல் காட்டிக்கொண்டே நடந்தார். செல்வி அக்கா அங்கிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஏங்க, அது முப்பத்தேழு. கழுத்துல கோணலா ஒரு தழும்பு இருக்கும் பாருங்க."

இருந்தது.

"அது பன்னெண்டு. துளை ஆறு. பக்கத்துல கெடக்குறதுல எட்டு துளை, அது அறுபத்துமூணு."

எண்ணிப் பார்த்தேன். எட்டுதான்.

நானும் உதவுவதாக ஒரு சிறிய குழாயைத் தூக்கிக் காட்டினேன்.

"சார், நீங்க தலைகீழா புடிச்சிருக்கீங்க" என்றார் பட்டுக்கோட்டையிலிருந்து.

எப்படிக்கா தெரிகிறது என்று கேட்டேன். "வெட்டிப் போட்ட துணி பாக்க எல்லாம் ஒண்ணாத்தான் சார் இருக்கும். எது கை, எது கழுத்துன்னு தெரிஞ்சாத்தானே தைக்க முடியும்?" என்றார். கடலைக்கூட எப்போதோ ஒருமுறை பார்க்கிற ஒரு பெண், தான் ஏறவே போகாத ஒரு கப்பலின் வயிற்றைக் குழாய் குழாயாக அறிந்து வைத்திருந்தார். ஏசி அறையில் விளக்குகள் மின்ன நிற்கும் எத்தனையோ சர்வர்களைப் பார்த்திருக்கிறேன். எதன் முன்னாலும் கைகட்டி நிற்கத் தோன்றியதில்லை. அன்று நின்றேன்.

வியாழன் மத்தியானத்துக்குள் எண்பத்து நான்குக்கும் எண் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை குழாய்களில் தண்ணீரை விட்டு அழுத்தம் ஏற்றினார்கள். நான் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தேன். சொட்டு ஈரம் இல்லை.

குணா என்னைக் கூப்பிட்டார். அசலை அழித்தது நான்தான் என்று ஒளிக்காமல் சொன்னேன்.

"அப்புறம் படம் எங்கேருந்து வந்துச்சு?"

"ஒரு பேக்கப் இருந்துச்சு சார்."

"எங்க?"

"இந்தியால."

"அந்த பேக்கப் நல்லா பேசுதுன்னு டாக்ல சொல்லிக்கிறாங்க" என்றார். "ரிப்போர்ட்ல பேக்கப்னு மட்டும் எழுது, போதும் லா."

செல்லத்துரை அண்ணனின் பர்மிட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னை நிரந்தரமாக்குவதை மட்டும் குணா மூன்று மாதம் தள்ளிப் போட்டார், அது நியாயம்தான். பன்னிரண்டாவது வரியை எழுதிச் சேர்த்தேன். இப்போது விக்கியும் பறக்கிறது, அசலும் பத்திரமாக இருக்கிறது. அண்ணன் படங்களை வெளியே அனுப்புவதில்லை. "வேகமாத்தான் சார் இருக்கு. ஆனா சாப்பிட்டீங்களான்னு கேக்காது" என்று ஒருநாள் சொன்னார்.

அடுத்த வருடம் செல்வி அக்கா சிங்கப்பூர் பார்க்க வந்தார். சிராங்கூன் ரோட்டில் நாங்கள் நால்வரும் சேர்ந்து சாப்பிட்டோம். நான் அவரிடம் குழாய்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், அவர் நித்யாவின் ரவிக்கைத் தையல் ஏன் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது கணவனையும் மனைவியையும் கடை வாசலில் நிறுத்தி என் போனில் ஒரு படம் எடுத்தேன். பதினேழு வருடத்தில் அவர்கள் இருவரும் சிங்கப்பூரில் சேர்ந்து நின்ற முதல் படம் அது.

செல்வி அக்கா போனை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கும்போது, என்னைச் சார் என்பதை விட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இத அப்படியே அனுப்புங்க. சுருக்கிடாதீங்க."

நித்யா அங்கேயே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதைப் படம் எடுக்கப் போனை நீட்டினாலும் இந்த வசனம் வரும். நாலு வயது மகளுக்குக் கதை தெரியாது, வசனம் மட்டும் தெரியும். போன வாரம் பிறந்தநாள் கேக்கின் முன்னால் நின்று, கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னாள், "அப்பா, சுருக்கிடாதீங்க."